பென்சீனிலிருந்து பென்சில் வரை: ஏழு புள்ளிக் கோலத்தில் ஒரு வேதியியல் பாடம்

காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். ஆறு கார்பன் வளையமான பென்சீன் பதினோராம் வகுப்பில், ஹைட்ரோகார்பன் பாடத்தில் வருகிறது. பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட் பன்னிரண்டாம் வகுப்பில், பி-தொகுதித் தனிமங்களோடு வருகிறது. நடுவில் ஒரு கோடை விடுமுறை. வேலூர் வெயிலில் பென்சீன் ஆவியாகிப் போனபிறகுதான் கிராஃபைட் வந்து சேர்கிறது. இரண்டும் ஒரே கதையின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் என்று யாரும் சொல்லாததால், பிள்ளைகள் இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்கள்.

இதைப் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு, மாணவரோ, பிள்ளைக்குச் சொல்லித்தர நினைக்கும் அம்மா அப்பாவோ, நான் சொல்லும் வரிசை பாடப்புத்தக வரிசை அல்ல. ஒரே ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்: கார்பனின் நான்காவது எலக்ட்ரானுக்கு நடமாட எவ்வளவு இடம் கிடைக்கிறது? பென்சீன், நாப்தலீன், சாயம், பென்சில் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கேள்வி போதும்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. கோலமாவு, தென்னந்துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சி, கொஞ்சம் களிமண். 6பி பென்சில், மைக்ரோ டிப் பென்சிலுக்குப் போடும் லெட், டிரேசிங் பேப்பர், செல்லோ டேப். சாதாரண மல்டிமீட்டர், 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்.இ.டி., சின்ன நியோடைமியம் காந்தம். இவை நான்கும் வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள எலக்ட்ரானிக் கடைகளில் கிடைக்கும். பிறகு ஒரு பாச்சா உருண்டை. அதைப் பொட்டலத்தோடு வைத்துக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல்.

முதல் படி: கோலம் போடுங்கள்

ஊடுபுள்ளி. நடு வரிசையில் 7 புள்ளி, மேலும் கீழும் 6, 5, 4 என்று குறைத்து 4-இல் நிறுத்துங்கள். மொத்தம் 37 புள்ளி. மார்கழியில் வாசலில் கோலம் போட்ட கைக்கு இது ஒரு நிமிட வேலை.

இப்போது சில புள்ளிகளை விரலால் அழிக்க வேண்டும். 7 புள்ளி வரிசையில் 1, 4, 7 ஆகியவை. 6 புள்ளி வரிசைகளில் 2, 5. 5 புள்ளி வரிசைகளில் நடுவில் உள்ள 3. 4 புள்ளி வரிசைகளில் ஓரத்துப் புள்ளிகளான 1, 4. அழித்தது 13, மிச்சம் 24. மிச்சமுள்ள புள்ளிகளில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவற்றை நேர்கோட்டால் சேருங்கள். நடுவில் ஓர் அறுகோணம், அதைச் சுற்றி ஆறு, ஆக ஏழு அறுகோணம் கிடைக்கும்.

நடு அறுகோணம் மட்டும் இருந்தால் அது பென்சீனின் கார்பன் சட்டம். ஏழும் சேர்ந்தால் கொரோனீன் என்ற உண்மையான சேர்மம்: 24 கார்பன், விளிம்பில் இரண்டே கோடு உள்ள 12 புள்ளிகளில் ஆளுக்கொரு ஹைட்ரஜன். தெருவின் நீளத்துக்கும் அகலத்துக்கும் இதே கோலத்தை நிறுத்தாமல் போட்டுக்கொண்டே போனால் கிராஃபைட்டின் ஒரு படலம். மூன்றும் ஒரே கோலம். எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் வித்தியாசம்.

இரண்டாம் படி: குச்சி நடுங்கள்

நடு அறுகோணத்தின் ஒரு புள்ளியை உற்றுப் பாருங்கள். அதிலிருந்து மூன்று கோடு கிளம்புகிறது, கோடுகளுக்கு இடையே 120 பாகை. கார்பனிடம் பிணைப்புக்கு நான்கு எலக்ட்ரான் உண்டு. மூன்று இந்தக் கோடுகளுக்குப் போய்விட்டன. இவைதான் சிக்மா பிணைப்புகள். இந்த ஏற்பாட்டுக்குத்தான் எஸ்பி2 இனக்கலப்பு என்று பெயர். நான்காவது எங்கே? தரைக்குச் செங்குத்தாக, மேலும் கீழுமாக நீண்டிருக்கும் பி ஆர்பிட்டாலில், அதாவது எலக்ட்ரான் உலவும் இடத்தில்.

களிமண்ணைச் சுண்டைக்காய் அளவு உருட்டி, நடு அறுகோணத்தின் ஆறு புள்ளியிலும் வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஈர்க்குச்சியை நேராகக் குத்துங்கள். தரை சமமாக இருப்பதால் ஆறு குச்சியும் இணையாக நிற்கும். ஒவ்வொரு குச்சியும் தன் இடப்பக்கத்துக் குச்சியோடும் வலப்பக்கத்துக் குச்சியோடும் ஒரே அளவு நெருக்கம். ஆர்பிட்டால்கள் இப்படிப் பக்கவாட்டில் ஒன்றோடொன்று மேற்பொருந்துவதால், ஆறு எலக்ட்ரானும் வளையம் முழுவதற்கும் சொந்தமாகிவிடுகின்றன. புத்தகம் இவற்றை உள்ளடங்கா எலக்ட்ரான்கள் என்கிறது. இரண்டு அணுக்களுக்கு நடுவில் அடங்கிக் கிடக்காதவை என்று பொருள். நல்ல சொல்.

அடுத்து, அதே ஆறு உருண்டையையும் ஒரு தண்ணீர்க் குடத்தின் வளைந்த வயிற்றில் ஒட்டிப் பாருங்கள். குச்சிகள் முள்ளம்பன்றி மாதிரி விரிந்து விலகிவிடும். நுனிகள் ஒன்றையொன்று தொடுவதில்லை, மேற்பொருந்துதல் குறைகிறது. தட்டையாக இருந்தால்தான் எலக்ட்ரானுக்குப் பாதை. அதேபோல, பாதை கிடைத்தால் ஆற்றல் குறையும் என்பதால்தான் மூலக்கூறு தட்டையாக இருக்க விரும்புகிறது. வடிவம் எலக்ட்ரானுக்கு வழி விடுகிறது, எலக்ட்ரான் வடிவத்தைப் பிடித்து நிறுத்துகிறது. இந்தக் குடத்தை மறக்காதீர்கள், ஐந்தாம் படியில் மறுபடி வருகிறது.

மூன்றாம் படி: நான்கு எண்கள்

154, 134, 139, 142. இந்த நான்கை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். எல்லாம் கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலான தூரம், பிக்கோமீட்டரில். ஈத்தேனில் ஒற்றைப் பிணைப்பு 154. எத்திலீனில் இரட்டைப் பிணைப்பு 134. பென்சீனில் ஆறு பிணைப்பும் ஒரே மாதிரி, சுமார் 139. கிராஃபைட்டில் 142.

பென்சீனை 1825-இல் மைக்கேல் ஃபாரடே லண்டனில் பிரித்தெடுத்தார், விளக்கெரிக்கும் வாயுவை அழுத்தும்போது தேங்கிய எண்ணெயிலிருந்து. அது வளையம் என்று ஜெர்மன் வேதியியலாளர் கெக்குலே 1865-இல் சொன்னார். ஒற்றையும் இரட்டையும் மாறிமாறி வரும் அறுகோணம் அவருடையது. ஆனால் அப்படியானால் மூன்று பக்கம் நீளமாகவும் மூன்று பக்கம் குட்டையாகவும் இருக்க வேண்டுமே! இரட்டைப் பிணைப்புகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன என்று 1872-இல் ஒரு சமாதானம் சொன்னார். 1929-இல் கேத்லீன் லான்ஸ்டேல் எக்ஸ் கதிரை வைத்து ஹெக்சாமீத்தைல் பென்சீனை ஆராய்ந்து, வளையம் தட்டை, பக்கங்கள் சமம் என்று காட்டினார்.

நானும் பல வருடம் 'இரட்டைப் பிணைப்பு மாறி மாறிக் குதிக்கும்' என்றுதான் நடத்தினேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஒருநாள் ராணிப்பேட்டையிலிருந்து வரும் ஒரு மாணவி கேட்டாள்: "இன்னா மிஸ், குதிக்கும்னா நடுவுல எப்பவாவது ஒரு நேரம் அது ஒரு பக்கமா நிக்கணும் இல்ல? அப்ப பார்த்தா தெரியணும் இல்ல?"

"நிக்காதும்மா. குதிக்கவே இல்ல."

"அப்ப அந்த ரெட்டைக் கோடு எங்கதான் கீது?"

பதில் சொல்ல எனக்கு அன்று முழு வகுப்பும் தேவைப்பட்டது. இரட்டைக் கோடு எங்கேயும் இல்லை. கெக்குலேயின் இரண்டு படமும் காகிதத்தில் மட்டும் உள்ளவை. மூலக்கூறு எப்போதும் ஒரே நிலையில், இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இதற்குப் புத்தகம் வைத்த பெயர் உடனிசைவு. அந்தச் சொல்லைக் கேட்டதும் ஊஞ்சலை நினைத்துக்கொள்கிறவர்கள் அதை இப்போதே விட்டுவிடுங்கள். பச்சையும் மஞ்சளும் மாறிமாறி வந்து கிளிப்பச்சை ஆவதில்லை. கிளிப்பச்சை எப்போதும் கிளிப்பச்சைதான்.

இப்போது அந்த எண்களுக்கு வருவோம். பென்சீனில் ஒவ்வொரு கார்பனும் தன் நான்காவது எலக்ட்ரானை இரண்டு அண்டைக்காரர்களோடு பங்கிடுகிறது. ஆறு எலக்ட்ரான், மூன்று ஜோடி, ஆறு பிணைப்பு. பிணைப்புக்கு அரை ஜோடி. ஆகவே ஒவ்வொன்றும் ஒன்றரைப் பிணைப்பு. கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பனுக்கும் அண்டைக்காரர் மூவர். அதே ஓர் எலக்ட்ரான் மூன்று பக்கம் பிரிகிறது. பிணைப்புக்கு மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும், அதாவது ஒன்றும் மூன்றில் ஒன்றும். பங்கு குறைந்தால் இறுக்கம் குறையும், தூரம் கூடும். 139 எப்படி 142 ஆனது என்பது இதுதான். ஒரு குடும்பத்துச் சோற்றை இரண்டு பேருக்குப் போடுவதற்கும் மூன்று பேருக்குப் போடுவதற்கும் உள்ள கணக்கு. எலக்ட்ரான் நடத்தைக்கும் வடிவத்துக்கும் உள்ள உறவை இதைவிட நேராகக் காட்டும் எண் ஜோடியை நான் பார்த்ததில்லை.

ஆற்றல் பக்கமும் ஒரு கணக்கு. ஆறு கார்பன் வளையத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு மட்டும் உள்ள சைக்ளோஹெக்சீனோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் ஒரு மோலுக்குச் சுமார் 120 கிலோஜூல் வெப்பம் வரும். மூன்று இரட்டைப் பிணைப்பு என்றால் 360 வர வேண்டும். பென்சீன் தருவது 208 மட்டும். கிட்டத்தட்ட 150 கிலோஜூல் ஏற்கெனவே குறைந்திருக்கிறது, அதாவது பென்சீன் அந்த அளவு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது. அந்த நிம்மதியைக் கலைக்க விரும்பாததால்தான், சாதாரண இரட்டைப் பிணைப்புகள் போக்கிவிடும் புரோமின் நீரின் நிறத்தை அது போக்குவதில்லை; வினையூக்கி போட்டு வற்புறுத்தினாலும் ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டு வளையத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. பதிலீட்டு வினைகள் என்று ஒரு முழுப் பாடம் பின்னால் வருகிறதே, அதற்குக் காரணம் இந்த 150 தான்.

நான்காம் படி: நாப்தலீனை நீங்களே எண்ணுங்கள்

இரண்டு அறுகோணத்தை ஒரு பக்கம் ஒட்டி வரையுங்கள். பத்து கார்பன். ஒவ்வொரு கார்பனுக்கும் ஓர் இரட்டைக் கோடு வரும்படி சரியாகப் போட மூன்றே வழி உண்டு. மூன்றையும் கண்டுபிடிக்கும்வரை அடுத்த பக்கம் போகாதீர்கள். இணைப்பு மூலைக்கு அடுத்த கார்பனை 1 என்றும் அதற்கடுத்ததை 2, 3 என்றும் எண்ணிடுங்கள். 1-க்கும் 2-க்கும் இடையில் இரட்டைக் கோடு மூன்றில் இரண்டு படத்தில் வரும். 2-க்கும் 3-க்கும் இடையில் ஒரு படத்தில் மட்டும். ஆகவே முதல் பிணைப்பு குட்டையாக இருக்க வேண்டும். அளந்து பார்த்த விடை: 1–2 சுமார் 137, 2–3 சுமார் 141 பிக்கோமீட்டர். வெறும் பென்சிலால் எண்ணிச் சொன்ன ஊகம் எக்ஸ் கதிர் அளவோடு ஒத்துப்போகிறது. பிள்ளைகள் முகம் மலரும் இடம் இது, அவசரப்படாமல் விடுங்கள்.

ஐந்தாம் படி: தொட்டியைத் தட்டையாக்கும் இரண்டு எலக்ட்ரான்

எல்லா வளையத்துக்கும் இந்த நிம்மதி கிடைப்பதில்லை. 1931-இல் எரிக் ஹக்கல் போட்ட கணக்கு: தட்டையான ஒற்றை வளையத்தில் 2, 6, 10, 14 என்று 4என்+2 (என் என்பது 0, 1, 2, 3...) பை எலக்ட்ரான், அதாவது அந்த நான்காவது எலக்ட்ரான்கள், இருந்தால் அது அரோமேட்டிக், பென்சீனைப் போல நிம்மதியான வளையம். ஏன் இந்த எண்கள் என்று கேட்டால், போர்ஷன் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் ஒரே போர்ஷன். மேலே தளத்துக்கு இரண்டிரண்டு போர்ஷன். போர்ஷனுக்கு இரண்டு பேர். கீழே 2. முதல் மாடி நிரம்பினால் 6. அடுத்த மாடியும் நிரம்பினால் 10. தளம் முழுதாக நிரம்பும் எண்கள்தான் நிலையானவை.

நான்கு எலக்ட்ரான் என்றால் முதல் மாடி பாதிதான் நிரம்பும். சைக்ளோபியூட்டாடையீன் அப்படிப்பட்டது. அது சதுரமாக நிற்க முடியாமல் இரண்டு பக்கம் நீளம், இரண்டு பக்கம் குட்டை என்று செவ்வகமாக நசுங்குகிறது.

எட்டு எலக்ட்ரான் உள்ள சைக்ளோ ஆக்டாடெட்ராயீன்தான் எனக்கு மிகவும் பிடித்த சேர்மம். எட்டு கார்பன் வளையம், காகிதத்தில் பார்த்தால் பென்சீனின் அண்ணன் மாதிரி இருக்கும். ஆனால் தட்டையாக இருந்தால் அதற்கு நட்டம். அதனால் வளைந்து குளியல் தொட்டி வடிவத்தில் உட்கார்ந்துகொள்கிறது. நம் குடத்து வயிற்றுக் குச்சிகள் போல ஆர்பிட்டால்கள் விலகிவிடுகின்றன. ஒற்றை, இரட்டைப் பிணைப்புகள் தனித்தனியாகவே இருக்கின்றன. புரோமின் நீரின் நிறத்தையும் அது போக்கிவிடும். பொட்டாசியத்தைச் சேர்த்து அதற்கு இன்னும் இரண்டு எலக்ட்ரான் கொடுத்தால்? எட்டு பத்தாகிறது. தொட்டி அப்படியே தட்டையாக நிமிர்ந்துவிடுகிறது, எட்டு பிணைப்பும் சம நீளமாகின்றன. வளையத்தில் ஓர் அணுகூடக் கூடவில்லை, குறையவில்லை. வெறும் இரண்டு எலக்ட்ரான் மூலக்கூறின் உருவத்தையே மாற்றிவிட்டது.

ஓர் எச்சரிக்கை. இந்த விதி ஒற்றை வளையத்துக்கு. நம் கோலத்துக் கொரோனீனில் 24 பை எலக்ட்ரான். 4என்+2 கணக்கில் 24 வராது. ஆனாலும் அது நல்ல நிலையான அரோமேட்டிக் சேர்மம். பல வளையம் ஒட்டிய சேர்மத்தில் விதியை அப்படியே போட்டுவிட்டு 'இது அரோமேட்டிக் இல்லை' என்று எழுதாதீர்கள்.

இன்னொன்று. அரோமேட்டிக் என்றால் நறுமணம் என்று பெயரில் இருப்பதால் மூக்கை நம்பாதீர்கள். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் சன்னதியில் காட்டும் கற்பூரம் அவ்வளவு மணக்கிறது. அதில் பென்சீன் வளையமே கிடையாது. கிராம்பின் யூஜினாலில் உண்டு. ஆய்வகத்தில் 'கரும்புகையோடு எரிந்தால் அரோமேட்டிக்' என்று ஒரு சோதனை சொல்வார்கள். கற்பூரமும் கரும்புகையோடுதான் எரியும், அந்தக் கரியில்தான் கண்மை கூட்டுவார்கள். அந்தச் சோதனையைத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: கோலத்தின் மேல் கோலம்

முதல் படியின் கோலத்தை நோட்டில் போட்டு, டிரேசிங் பேப்பரில் அச்சு எடுங்கள். பேப்பரை மேலே வைத்து, ஏதாவது ஒரு கோட்டின் திசையில் சரியாக ஒரு புள்ளி தூரம் நகர்த்துங்கள். மேல் கோலத்துப் புள்ளிகளில் பாதி, கீழ்ப் புள்ளிகள் மேலேயே விழும். மறுபாதி, நாம் விரலால் அழித்த இடங்களில், அதாவது கீழ் அறுகோணங்களின் நடுவில் விழும். சாதாரண கிராஃபைட்டில் படலங்கள் இப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. 1924-இல் ஜே. டி. பெர்னால் கண்டுசொன்ன அமைப்பு இது.

படலத்துக்குள் அணுக்கள் 142 பிக்கோமீட்டர் தூரத்தில். படலத்துக்கும் படலத்துக்கும் நடுவில் 335. இரண்டு மடங்குக்கும் மேல். அந்த இடைவெளியைக் கடந்து எந்தச் சகப்பிணைப்பும் இல்லை, வாண்டர் வால்ஸ் விசை என்ற மெல்லிய ஈர்ப்பு மட்டும்தான். பென்சில் எழுதுவது இதனால்: காகிதத்தில் உரசும்போது செதில்கள் கழன்று ஒட்டிக்கொள்கின்றன. வைரத்தில் நான்காவது எலக்ட்ரானும் ஒரு பிணைப்பில் அடைபட்டிருக்கிறது. எல்லாப் பக்கமும் 154. அதனால் அது செதிலாகவும் கழலாது, மின்சாரத்தையும் கடத்தாது. கிராஃபைட் வழுக்குவதற்கு வாண்டர் வால்ஸ் விசை மட்டும் காரணம் என்று எழுதுவது முழு உண்மையல்ல. வெற்றிடத்தில் கிராஃபைட் நன்றாக வழுக்குவதில்லை. காற்றிலுள்ள ஈரப்பதமும் அதற்குக் கைகொடுக்கிறது. தேர்வில் புத்தகத்து விடையை எழுதிக்கொள்ளுங்கள், மனதில் இதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

6பி பென்சிலால் அழுத்தித் தேய்த்த இடத்தில் செல்லோ டேப்பை ஒட்டிப் பிய்த்து, அதை இன்னொரு டேப்பில் ஒட்டிப் பிய்த்து, ஏழெட்டு முறை செய்யுங்கள். கறுப்பு சாம்பலாகி, கண்ணுக்கே தெரியாமல் மங்கும். பென்சிலில் களிமண் கலந்திருப்பதால் நம் டேப்பில் ஒற்றைப் படலம் கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் 2004-இல் மான்செஸ்டரில் ஆண்ட்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் நல்ல கிராஃபைட்டை வைத்து டேப்பால் உரித்துத்தான் ஓரணுத் தடிமனுள்ள கிராஃபீனை எடுத்தார்கள். 2010-இல் நோபல் பரிசு வந்தது. அந்த ஒற்றைப் படலம் தன் மேல் விழும் ஒளியில் 2.3 சதவீதத்தை விழுங்குகிறது. ஓர் அணுத் தடிமனுக்கு இது பெரிய அளவு.

ஏழாம் படி: மின்சாரம்

காகிதத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் நீளத்துக்குப் பட்டையாக 6பி பென்சிலால் தேயுங்கள். காகிதம் பளபளக்கும்வரை, ஐந்தாறு முறை, நீளவாக்கில். மல்டிமீட்டரை ஓம் அளவுக்குத் திருப்பி, முனைகளை இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். பிறகு நான்கு, எட்டு. மின்தடை ஏறக்குறைய இரட்டித்துக்கொண்டே போகும். கிலோ ஓம் கணக்கில்தான் காட்டும், பயப்பட வேண்டாம். அடுத்து பேட்டரி, பட்டை, எல்.இ.டி. மூன்றையும் ஒரே சுற்றில் இணையுங்கள். எல்.இ.டி.யின் நீளமான கால் பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம். பட்டையில் இரண்டு முனைகளும் நெருக்கமாக இருந்தால், விளக்கை அணைத்த அறையில் எல்.இ.டி. மங்கலாக எரிவது தெரியும். பட்டை இல்லாமல் 9 வோல்ட்டை நேராக எல்.இ.டி.க்குக் கொடுக்காதீர்கள், போய்விடும்.

இப்போது பாச்சா உருண்டையில் மல்டிமீட்டரை வையுங்கள். ஒன்றும் காட்டாது. பொட்டலத்தைப் படித்துப் பாருங்கள்: சிலது நாப்தலீன், சிலது பாரா-டைகுளோரோபென்சீன். எதுவானாலும் உள்ளே பென்சீன் வளையம் உண்டு, உள்ளடங்கா எலக்ட்ரான்களும் உண்டு. பிறகு ஏன் கடத்தவில்லை? தேர்வில் கேட்டால் பெரும்பாலோர் தடுமாறும் கேள்வி இது. அந்த எலக்ட்ரான்கள் வீட்டுக்குள் தாராளமாக நடமாடலாம், தெருவுக்கு வர வாசல் இல்லை. நாப்தலீன் மூலக்கூறின் பத்து கார்பனோடு அவற்றின் உலகம் முடிந்தது. அடுத்த மூலக்கூறுக்குப் போகப் பிணைப்பு இல்லை. கிராஃபைட்டில் வீடும் தெருவும் ஒன்றுதான்.

மே மாதத்தில் பீரோவுக்குள் போட்ட உருண்டை சின்னதாகிக் காணாமல் போவதும் இதே கணக்கு. மூலக்கூறுகள் ஒன்றையொன்று லேசாகத்தான் பிடித்திருக்கின்றன. நாப்தலீன் 80 டிகிரியில் உருகிவிடும், அதற்கு முன்பே ஆவியாகிக்கொண்டிருக்கும். அதே அறுகோணங்கள் எல்லையில்லாமல் தைக்கப்பட்ட கிராஃபைட்டுக்கு 3600 டிகிரிக்கு மேல் தேவை.

கிராஃபைட்டிலும் எல்லாத் திசையிலும் ஒரே அளவு மின்சாரம் ஓடுவதில்லை. படலத்தின் வழியே எளிதாக ஓடும். படலத்துக்குக் குறுக்கே அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு தடை. இந்தப் பெரிய வித்தியாசத்தை 1939-இல் ஒற்றைப் படிகங்களில் அளந்து வெளியிட்டவர்களில் ஒருவர் நம் வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், உடன் உழைத்தவர் என். கங்கூலி. ராமனோடு 1928-இல் ஒளிச்சிதறலைக் கண்டவர் என்ற அளவில்தான் நம் பிள்ளைகளுக்குக் கிருஷ்ணனைத் தெரிகிறது. அரோமேட்டிக் படிகங்கள் காந்தத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை வைத்து, உள்ளே தட்டை மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று சொன்னவரும் அவர்தான். பென்சீன் வளையம் தட்டை என்று காட்டிய அதே லான்ஸ்டேலோடு சேர்ந்து 1936-இல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். இந்தப் பாடத்தின் இரண்டு முனையையும் ஒரு தமிழர் தொட்டிருக்கிறார். பாடம் நடத்தும்போது அவர் பெயரைச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: நிறம்

இதற்கு உபகரணம் வேண்டாம். வளையங்களை வரிசையாக ஒட்டிக்கொண்டே போங்கள். பென்சீன், நாப்தலீன், ஆந்த்ரசீன், அதாவது ஒன்று, இரண்டு, மூன்று வளையம், நிறமற்றவை. டெட்ராசீன், நான்கு வளையம், ஆரஞ்சு. பென்டாசீன், ஐந்து வளையம், கருநீலம். எலக்ட்ரானுக்கு இடம் கூடக் கூட, மேல்நிலைக்குத் தாவத் தேவையான ஆற்றல் குறைகிறது. முதலில் புற ஊதாவை விழுங்கியது, பிறகு நீலத்தை, பிறகு மஞ்சள் சிவப்பை. எல்லையில்லாமல் விரிந்த கிராஃபைட் எல்லா நிறத்தையும் விழுங்கிக் கறுப்பாக நிற்கிறது.

மேலே கேள்வி கேட்ட மாணவியின் அப்பா டேனரியில் சாயப் பிரிவில் வேலை செய்கிறார். பழைய வடாற்காட்டில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் தோல் தொழில்தான். தோலுக்குப் போடும் சாயங்களில் பெரும்பகுதி அசோ சாயங்கள்: இரண்டு அரோமேட்டிக் வளையத்தை நடுவில் இரண்டு நைட்ரஜன் சேர்க்கிறது. அந்தப் பாலத்தின் வழியே எலக்ட்ரான் ஒரு வளையத்திலிருந்து அடுத்த வளையத்துக்குப் பரவுவதால் நிறம் வருகிறது. பாலத்தை உடைத்தால் நிறம் போய்விடும். அப்பாவின் சட்டைக் கையில் துவைத்தும் போகாத சிவப்புக்குக் காரணம் தெரிந்த அன்று அவள் நோட்டில் எழுதிக்கொண்டு போனாள், வீட்டில் சொல்ல.

ஒன்பதாம் படி: காந்தம்

இது பொறுமைசாலிகளுக்கு. மைக்ரோ டிப் லெட் ஒன்றை எடுத்து, அதன் நடுவில் மெல்லிய பட்டு நூல் இழையைக் கட்டி, ஒரு பெரிய கண்ணாடி ஜாடிக்குள் படுக்கைவாட்டில் தொங்கவிடுங்கள். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, லெட் ஆடாமல் நிற்கும்வரை காத்திருங்கள். பத்து நிமிடம்கூட ஆகலாம். பிறகு நியோடைமியம் காந்தத்தை ஒரு குச்சியின் நுனியில் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு லெட்டின் ஒரு முனைக்கு அருகே மெதுவாகக் கொண்டு போங்கள். தொடக்கூடாது. பிரிட்ஜில் ஒட்டும் காந்தம் போதாது.

இரும்பாக இருந்தால் ஓடிவந்து ஒட்டும். லெட் மெல்ல, மிக மெல்ல விலகிப் போகும். காந்தத்தைத் திருப்பி மறுமுனையைக் காட்டினாலும் விலகத்தான் செய்யும். எளிமையாகச் சொன்னால், காந்தப்புலம் படலத்துக்குக் குறுக்கே பாயும்போது அந்த நான்காவது எலக்ட்ரான்கள் சுற்றிச் சுழன்று எதிர்ப்புலம் ஒன்றை உண்டாக்குகின்றன. சுற்றிவரப் பரப்பு கிடைப்பதால் கிராஃபைட்டில் இந்த விலக்கம் கண்ணுக்குத் தெரியும் அளவு இருக்கிறது. பென்சீன் வளையத்திலும் இதே சுழற்சி உண்டு, அளக்கக் கருவி வேண்டும்.

போன வாரம் மாடியில் இதைச் செய்தபோது முதல் மூன்று முறை காற்றில் ஆடிக் கெட்டுப்போனது. நான்காம் முறை, சாயங்காலம் காற்று அடங்கியபின், லெட் நகர்ந்தது. எட்டுப் பிள்ளைகளும் ஜாடியைச் சுற்றி மூச்சு விடாமல் நின்றார்கள். "மிஸ், இன்னொரு வாட்டி," என்றாள் ராணிப்பேட்டைப் பெண். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை செய்தோம்.